காரில் பேசக்கூடாத நேரம்

ஜனவரி 19, ஞாயிறு

இரண்டு தடவை குளித்துவிட்டேன்.

காலை ஒன்பதே முக்காலுக்குச் சற்று முன்னால் ஆலாம்பாளையம் பிரிவில் எங்கள் கார் ஒரு பெண்ணை அடித்துவிட்டது. இடது பக்கத்து ஊர்ச்சாலையிலிருந்து மொபெட்டில் வந்து மெயின் ரோட்டில் திரும்பியவள். நாற்பதுக்குள் இருக்கும். வலது கால் இருக்கக்கூடாத பக்கமாக மடங்கிக் கிடந்தது. அவள் அழவில்லை. "என்ற நூலு, என்ற நூலு" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். மொபெட்டில் கட்டியிருந்த தறி நூல் கோன்கள் அவிழ்ந்து ரோட்டில் நாலா பக்கமும் உருண்டிருந்தன.

என் கணவர் லோகநாதன்தான் ஓட்டினார். பிரேக் போட்டு இறங்கியதும் முதலில் கார் கூரையைப் பார்த்தார், ஆன்டெனா வளைந்துவிட்டதா என்று. ஒரு நொடி இருக்குமா, அதுகூட இல்லை. அப்புறம்தான் அவளிடம் ஓடினார். ஓடியவர் நன்றாகவே செய்தார். தோளைத் தாங்கிப் பிடித்தார், ஆம்புலன்சுக்குப் போன் செய்தார், வெயில் படாமல் என் துப்பட்டாவை வாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பார்த்த எல்லோரும் நல்ல மனுஷன் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அந்த ஒரு நொடியைப் பார்த்தது நான் மட்டும்.

இன்று, பொழுதுபோக்காக வானலையில் பேசிக்கொள்கிறவர்களின் ஹாம் ரேடியோ கிளப்பில், வருடாந்திரப் போட்டி. வீட்டில் உட்கார்ந்து பேசினால் ஒரு புள்ளி, ஓடும் வண்டியிலிருந்து பேசினால் இரண்டு. இவர் ஓட்டிக்கொண்டே மைக்கில் பேசுவார். நான் இடது சீட்டில் மடியில் லாக் புத்தகத்தை வைத்துக்கொண்டு நேரம், எதிரில் பேசியவர், எப்படிக் கேட்டது என்று ஒவ்வொன்றாக எழுதுவேன். பதினெட்டு வருடமாக இதுதான் ஏற்பாடு.

நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். எதையும் பார்க்கவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் அப்படித்தான் சொன்னேன்.

ஜனவரி 20, திங்கள்

வேலைக்குப் போனேன். பால் பண்ணை லேபில் எட்டு சொசைட்டி சாம்பிள் காத்திருந்தது. இரண்டு கேன் கெட்டுப்போயிருந்தது. மூடியைத் திறந்தாலே தெரியும். ஆனாலும் சோதித்து, எழுதி, கையெழுத்துப் போட்டுத்தான் திருப்பி அனுப்ப வேண்டும். மூக்கைச் சாட்சியாக ஏற்க மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்தால் இவர் முட்டை தோசை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். வழக்கு இவர் பேரில் பதிவாகிவிட்டது. ஜாமீனும் ஸ்டேஷனிலேயே கொடுத்துவிட்டார்கள். கார் இன்னும் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறது.

"ஆக்சிடென்ட்டுன்னா பெரிய வண்டி மேலதான் கேஸ். அதுதான அம்மிணி வழக்கம்," என்றார். "அவ பாக்காம பூந்துட்டா. நானும் எழுதிக் குடுத்துட்டேன். நாப்பதுல வந்தேன், ரெண்டு கையும் ஸ்டியரிங்ல."

"ரெண்டு கையுமா?"

"ரேடியோ செட்டு ஆஃப் பண்ணியாச்சுன்னு எழுதியிருக்கேன்." தோசையைப் பிய்த்து மஞ்சள் கருவில் தொட்டார். "உப்புக் கொஞ்சம் கம்மி."

உப்பு எடுத்துக்கொடுத்தேன்.

ஜனவரி 21, செவ்வாய்

அவள் பெயர் மயிலாத்தாள். தறி ஓட்டுகிறவள். இடுப்புக்குக் கீழே தகடு வைத்திருக்கிறார்களாம்.

ஜனவரி 23, வியாழன்

லேபில் என்னோடு வேலை செய்யும் ருக்குமணிக்கு ஆலாம்பாளையம்தான் சொந்த ஊர். மூன்று நாளாக என்னிடம் பேச வருவதும் போவதுமாக இருந்தாள். இன்று கண்ணாடிக் குழாய்களைக் கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீங்க மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க மேடம். அவ மேலதானுங்க தப்பு. எங்க ஊரே அதைத்தான் சொல்லுது. பாக்காம பறந்துட்டு வந்துபோட்டா. அவ ஊட்டுக்காரன் சென்னியப்பனே சொல்றான்னா பாத்துக்கோங்க. ஆஸ்பத்திரியிலயே நின்னு திட்டறானாம், கண்ணு பொறத்தாலயா இருந்துச்சுன்னு."

"அவ என்ன சொல்றா?"

"என்ன சொல்லுவா? ஆமா, என் நேரம்னு படுத்துக் கெடக்கறா. பாவம். நல்ல பொம்பளதானுங்க, ஆனா பாக்கோணுமல்லங்க?"

இதை எனக்கு ஆறுதலாகச் சொன்னாள். நான் தலையாட்டினேன். கையில் இருந்த குழாயை அது சுத்தமான பிறகும் கழுவிக்கொண்டே இருந்தேன்.

எழுத வேண்டாம் என்று வைத்திருந்த ஒன்றை எழுதிவிடுகிறேன், சம்பந்தம் இல்லாவிட்டாலும். ஏழு வருடம் முன்னால் பழனி போகும்போது, தாராபுரம் தாண்டி, இவர் மைக்கை அழுத்திப் பேசிக்கொண்டிருந்தார். அழுத்தினால் செட்டில் ஒரு சிவப்புப் புள்ளி எரியும். அது எரிந்தால் காருக்குள் யார் எதைப் பேசினாலும் காற்றில் போய்விடும், எல்லோருக்கும் கேட்கும். நடு ரோட்டில் மாடு நின்றது. "ஏனுங்க, மாடு! மாடு!" என்று கத்திவிட்டேன். இவர் நிறுத்திவிட்டார், மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று சேலம், கரூர், திண்டுக்கல் வரைக்கும் சிரித்தார்கள். ஒரு மாதம் ஆள் மாற்றி ஆள் "எக்ஸ்.ஒய்.எல். எப்படி இருக்காங்க, மாடு எப்படி இருக்குது?" என்று கேட்டார்கள். ஹாம்காரர்கள் மனைவியை அப்படித்தான் சொல்வார்கள், எக்ஸ்.ஒய்.எல்., முன்னாள் இளம்பெண். இவர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள், "சிவப்பு எரியும்போது வாயைத் தொறக்காத. அது ஒண்ணுதான் நான் உங்கிட்ட கேக்கறது," என்றார்.

அதற்கப்புறம் நான் வாயைத் திறந்ததில்லை. இருமல் வந்தால் முந்தானையைக் கடித்துக்கொள்வேன்.

ஜனவரி 24, வெள்ளி

கார் வந்துவிட்டது. இவரே ஒரு மணி நேரம் கழுவினார். முன்பக்கக் கிரில்லில் சுற்றியிருந்த வெள்ளை நூலைக் கத்திரியால் வெட்டி எடுத்து, உருட்டி, குப்பையில் போட்டார்.

ஜனவரி 26, ஞாயிறு

குடியரசு தினம் என்று கிளப்பில் கொடி ஏற்றினார்கள். நானும் போக வேண்டியிருந்தது. ஜிலேபி கொடுத்தார்கள். அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு கூட்டம்.

செயலாளர் தனபாலன் டெலிபோன் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். எழுந்து நின்று சட்டம் படித்தார். வண்டி ஓட்டும்போது கையில் பிடித்துப் பயன்படுத்தும் தகவல்தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவது ஆபத்தான ஓட்டுதல்.

"இப்பக் கவனிங்க," என்றார், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து. "கருவி எது? செட்டு. செட்டு எங்க இருக்குது? டேஷ்போர்டுல, நாலு ஸ்க்ரூ போட்டு. கையில எது? மைக்கு. மைக்கு கருவி ஆகுமா? ஆகாது. கருவியோட ஒரு உறுப்பு. அது மட்டுமில்ல. செல்போனுக்கு லைசென்ஸ் இருக்குதா? நமக்கு இருக்குது. பரீட்சை எழுதி, மத்திய சர்க்கார் குடுத்தது."

"சூப்பர் அண்ணா," என்றார் ஒருவர்.

"வெள்ளத்தப்போ கலெக்டர் ஆபீசே நம்ம காலைப் புடிச்சுது," என்றார் இன்னொருவர். "போன் டவரெல்லாம் படுத்துக்கிச்சு, லோகுதான் மூணு நாள் கார்லயே கெடந்து செய்தி அனுப்புனான். அதையெல்லாம் போலீசுக்கு யாரு சொல்றது?"

அது உண்மை. அந்த மூன்று நாள் இவர் தூங்கவே இல்லை. பெருமையாகத்தான் இருந்தது எனக்கு. அந்தப் பெருமையை இப்படி எடுத்து ஒரு பெண்ணின் காலுக்கு எதிராக வைப்பார்கள் என்று தெரிந்திருந்தால் பட்டிருக்கவே மாட்டேன்.

"அதெல்லாம் ரெண்டாவது வாதம்," என்றார் தனபாலன். "முதல் வாதம், பேசவே இல்ல. லோகு, அந்த லாக்கைக் காட்டு."

இவர் காட்டினார். என் கையெழுத்து. அன்றைய பக்கத்தில் கடைசி வரி ஒன்பது முப்பத்தெட்டு. அதற்குக் கீழே காலி.

"அடி விழுந்தது ஒம்பது நாப்பத்தொண்ணு. முப்பத்தெட்டுக்கு மேல ஒரு எழுத்து இல்ல. எழுதுனது யாரு? தங்கச்சி. தங்கச்சி ஒரு வரி விடுமா? பதினெட்டு வருஷத்துல விட்டிருக்குதா?" என்னைப் பார்த்துச் சிரித்தார். "அப்ப என்ன அர்த்தம்? முப்பத்தெட்டுக்கே செட்டை அணைச்சாச்சு. தங்கச்சி ஒரு ஸ்டேட்மென்ட் குடுத்தாப் போதும். அந்தப் பொம்பள பாக்காம வந்தான்னு முடிஞ்சுரும்."

அந்த அறையில் எங்கள் இருவரைத் தவிரப் பதினான்கு பேர் இருந்தார்கள். ஒன்பது நாற்பத்தொன்றுக்கு இவர் குரல் பாதி வார்த்தையில் அறுந்து, அப்புறம் அடி விழுந்த சத்தம் வந்து நின்றதை அந்தப் பதினான்கு பேரும் அவரவர் செட்டில் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் முகத்தைப் பார்த்தேன். ஜிலேபிப் பாகு வழிந்த விரலை நக்கிக்கொண்டிருந்தார்.

போட்டியில் எதிராளி குரல் கரகரவென்று பாதி கேட்காவிட்டாலும் "ஐம்பத்தொன்பது" என்றுதான் சொல்வார்கள். மிகத் தெளிவு, மிகப் பலம் என்று அர்த்தம். யாருக்கும் உண்மையான மதிப்பு கொடுப்பதில்லை. கொடுத்தால் நேரம் போகும். நானும் ஐம்பத்தொன்பது, ஐம்பத்தொன்பது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து வாய் கொப்பளித்தேன்.

ஜனவரி 29, புதன்

இன்றைக்கு வந்த சாம்பிளில் ஒன்றில் தண்ணீரோடு ஏதோ மாவும் கலந்திருந்தது. கொண்டுவந்தவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "எங்க மாட்டுப் பாலே அப்படித்தானுங்க, கெட்டியா வரும்," என்றார். அயோடின் ஊற்றிக் காட்டினேன். நீலமாக மாறியது. "அட, மாடு என்னத்தையோ தின்னுருச்சு போல," என்றார். கூச்சமே இல்லை. எனக்குத்தான் கூசியது.

மயிலாத்தாளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். இனிமேல் தறியில் நின்று வேலை செய்ய முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ருக்குமணி சொன்னாள். அவள் மேல்தான் தப்பு என்று போலீஸ் எழுதிவிட்டால் இன்சூரன்சும் கையை விரித்துவிடும், அதற்காகவும் சென்னியப்பன் சேர்த்துத் திட்டுகிறான் என்றாள்.

பிப்ரவரி 1, சனி

இவர் தூங்கும்போது சில சமயம் இடது கை மட்டும் மூடித் திறக்கிறது. மைக்கைப் பிடித்திருப்பது போல. பகலில் சோபாவில் கண்ணயரும்போதுகூட. பார்க்கப் பாவமாக இருந்தது. அப்புறம் பாவமாக இல்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

செவ்வாய்க்கிழமை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி எனக்குத் தகவல். இவர் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறார், நான் சொல்ல வேண்டியதை. "நான் குனிந்து லாக் எழுதிக்கொண்டிருந்தேன். ஒன்பது முப்பத்தெட்டுக்கு ரேடியோவை அணைத்துவிட்டார்."

"இதுல பொய் என்னன்னு நீயே சொல்லு," என்றார். "நீ எழுதிட்டுத்தான இருந்த?"

தாளைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினேன்.

"எழுதிட்டுத்தான இருந்த, கோகிலா?"

"ஆமா."

"அப்பறம் என்ன? ஒரு வரிதான் சேர்த்துச் சொல்ற. என்ற லைசென்ஸ் போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? செத்த மாதிரி ஆயிருவேன்."

கார் ஓட்டும் லைசென்சைச் சொல்லவில்லை. ரேடியோ லைசென்சைச் சொல்கிறார். எனக்குக்கூட அது ஒன்று இருக்கிறது. கல்யாணமான இரண்டாம் வருடம், கெமிஸ்ட்ரி படித்தவளுக்கு இதென்ன பிரமாதம் என்று சொல்லி எழுத வைத்தார். பாஸானேன். மைக் மட்டும் என் கைக்கு வந்ததில்லை.

தாளை மடித்து என் கைப்பையில் வைத்தார். அழுக்குத் துணி நனைத்தேன். இட்லிக்கு ஆட்டினேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

எஸ்.ஐ. அமுதா என்னைவிடப் பத்து வயது சின்னவர். மேஜை மேல் டிபன் பாக்ஸ் பாதி திறந்திருந்தது. இவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு என்னை மட்டும் கூப்பிட்டார். லாக் புத்தகத்தைப் புரட்டினார்.

"இதென்னங்க, காலையில நாலு மணின்னு இருக்குது? நாலு எட்டு?"

"உலக நேரத்துலதான் எழுதுவோம். அதோட அஞ்சரை மணி நேரம் கூட்டிக்கணும்."

"கோபியில உக்காந்துட்டு உலக நேரமா!" சிரித்தார். "சரி, அப்ப ஒம்பது முப்பத்தெட்டு. அதுக்கப்பறம் ஒண்ணும் இல்ல. உங்க ஊட்டுக்காரர் சொன்னதும் அதேதான். நீங்களும் அதையே சொன்னீங்கன்னா எழுதி முடிச்சுரலாம். எனக்கு இன்னிக்கு இன்னும் நாலு கேஸ் இருக்குது."

ஏட்டு எழுதத் தயாராக இருந்தார். கைப்பையில் தாள் இருந்தது. அதை எடுக்கவே வேண்டியதில்லை, மனப்பாடம்தான். வாயைத் திறந்தேன். லேபுக்கு மாவு கலந்த பாலைக் கொண்டுவந்தவர் முகம் நினைவுக்கு வந்தது, நீலமாக மாறிய பாலுக்கு எதிரில் நின்றுகொண்டு மாட்டின் மேல் பழி போட்ட முகம்.

"அவர் பேசிட்டு இருந்தார்," என்றேன். "அடி விழும்போது பேசிட்டுத்தான் இருந்தார். இடது கையில மைக்."

ஏட்டு பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டார். எஸ்.ஐ. டிபன் பாக்சை மூடினார்.

"நல்லா யோசிச்சுச் சொல்றீங்களா?"

"ஆமா."

"அப்ப இதுல ஏன் எழுதல? ஒரு வரி விடமாட்டீங்கன்னாரு உங்க செயலாளர். போன்ல அதையே மூணு தடவ சொன்னாரு."

"எழுதல."

"அதான் ஏன்?"

"நான் ரோட்டைப் பார்த்துட்டு இருந்தேன்."

இதைச் சொல்லும்வரை எனக்கே இது தெரியாது என்று எழுத ஆசையாக இருக்கிறது. தெரியும். பதினாறு நாளாகத் தெரியும். இந்த நாட்குறிப்பின் முதல் பக்கத்திலேயே பொய் எழுதியிருக்கிறேன், யாரும் படிக்காத புத்தகத்தில்.

"அப்ப அந்தம்மா வந்ததைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"எவ்வளவு தூரத்துல?"

"பிரிவுல வேப்பமரம் இருக்குதுங்க. நாங்க அதுக்கு ரெண்டு கரண்ட் கம்பத்துக்கு இந்தப் பக்கம்."

"ரெண்டு கம்பமா? அது நெறைய தூரமுங்களே." நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "அவர் பார்க்கல. நீங்க பார்த்தீங்க. நிறுத்துங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலையா?"

"சிவப்பு எரிஞ்சுட்டு இருந்துச்சு."

"சிக்னலா? அங்க ஏதுங்க சிக்னல்?"

விளக்கினேன். மைக்கை அழுத்தினால் எரியும் புள்ளி. எரியும்போது காருக்குள் பேசக்கூடாது என்ற பழக்கம். தாராபுரத்து மாடு. சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே அருவருப்பாக இருந்தது. பி.எஸ்சி. படித்து, லேபில் நாற்பது பேருக்குச் சரி தப்பு சொல்கிற ஒரு பெண், எதிரில் ஒருத்தி வண்டிக்கு முன்னால் வருவதைப் பார்த்துக்கொண்டு, கணவன் கோபித்துக்கொள்வான் என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பயந்துகூட இல்லை. பழக்கத்தில். பழக்கத்தில் செய்தேன் என்பதுதான் எதையும்விட அசிங்கமாக இருக்கிறது.

எஸ்.ஐ. ஏட்டைப் பார்த்தார்.

"இதையும் எழுதட்டுமா?" என்று ஏட்டு கேட்டார்.

"எழுதுங்க," என்றேன்.

"உங்க மேல இதுல கேஸ் ஒண்ணும் வராதுங்க," என்றார் எஸ்.ஐ. "பேசாம உக்காந்திருந்ததுக்குச் சட்டத்துல ஒண்ணும் இல்ல."

அது எனக்கு ஆறுதலாக இல்லை.

வெளியே இவர் எழுந்து நின்றார். "முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். வீடு வரைக்கும் செட்டைப் போடவில்லை. பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக அந்தக் காரில் இரைச்சல் இல்லாமல் வந்தேன்.

பிப்ரவரி 5, புதன்

என்னோடு பேசவில்லை. மாடி அறையில் உட்கார்ந்து காற்றோடு பேசுகிறார். துணி உலர்த்தப் போனபோது கேட்டது. "எக்ஸ்.ஒய்.எல்.லுக்குக் கொஞ்சம் மனசு சரியில்ல. அதிர்ச்சிதான், வேற ஒண்ணுமில்ல. ஓவர்." எதிர்முனையில் யாரோ, "நல்லா ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க. இந்த வயசுல பொம்பளைங்களுக்கு அப்படித்தான்," என்றார்.

கிளிப் போடாமல் துணிகளை அப்படியே கொடியில் வீசிவிட்டு இறங்கினேன்.

தனபாலன் போன் செய்தார். "தங்கச்சி, உன்னால நம்ம இயக்கத்துக்கே கெட்ட பேரு," என்றார். இயக்கமாம்.

பிப்ரவரி 6, வியாழன்

கேஸ் கோர்ட்டுக்கு வர ஒரு வருடமாவது ஆகும், அதற்குள் நான் சொன்னதை எப்படி மாற்றலாம் என்று இவரும் வக்கீலும் போனில் பேசுகிறார்கள். நான் அதே அறையில் பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 8, சனி

அரை நாள் லீவு போட்டு ஆலாம்பாளையத்துக்குப் போனேன். பஸ்ஸில். ருக்குமணி வழி சொன்னாள், கூட வரமாட்டேன் என்றாள்.

ஓட்டு வீடு. முன்னறையில் கட்டிலில் மயிலாத்தாள் படுத்திருந்தாள். உள்ளே அடுத்த அறையில் தறி ஓடிக்கொண்டிருந்தது. சுவர் அதிர்ந்தது. அந்தச் சத்தத்தில் பேசிப் பேசி அந்த ஊர்க்காரர்களுக்கே குரல் பெரிதாகிவிட்டிருக்கும். மயிலாத்தாள் குரல் மட்டும் சின்னதாக இருந்தது. குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

நான் யார் என்று சொல்லத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"தெரியுமுங்க. உங்களத்தான் பாத்தேன்."

"ஆஸ்பத்திரியிலயா? நான் வரலைங்க."

"அன்னிக்கு. கார்ல." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நான் பாக்காம வந்தேன்னு எல்லாரும் சொல்றாங்க. பாத்தனுங்க. நின்னு பாத்தேன். கார் வருது. இந்தப் பக்கம் நீங்க உக்காந்திருக்கறீங்க. என்னைய நேரா பாத்தீங்க. பாத்துட்டு வாயத் தொறந்தீங்க."

நான் இன்னும் குனிந்தேன்.

"செரி, அம்மா சொல்லீட்டாங்க, வண்டி மெதுவாயிரும்னு நெனச்சுத்தான் நான் திரும்புனது."

வாயைத் திறந்தேன் என்பது எனக்கு நினைவில்லை. அவள் சொன்னதும் நினைவுக்கு வந்தது. திறந்தேன். சிவப்பைப் பார்த்தேன். மூடினேன்.

"சொல்லலைங்க," என்றேன். "நான் சொல்லல. போலீஸ்ல அதை எழுதிக் குடுத்துட்டேன். உங்க மேல தப்பில்லைன்னு."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கூரையைப் பார்த்தாள். காலுக்கு முட்டுக் கொடுத்திருந்த தலையணையைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னாள். நகர்த்தினேன்.

"போலீஸ்ல சொன்னது போலீசோட," என்றாள். "இங்க தெனமும் திட்டுக் கேக்கறது நான்தானுங்க. எந்திரிச்சா, படுத்தா, கண்ணு பொறத்தாலயா இருந்துச்சுங்கறாரு. இருவது நாளாச்சு. கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்துருச்சுங்க, பாத்தேனா பாக்கலையான்னு." தறி அறையின் பக்கம் தலையைத் திருப்பினாள். "அவருகிட்டப் போய்ச் சொல்லுங்க. நான் பாத்தேன்னு. நீங்க வாயத் தொறந்தீங்கன்னு."

"தறி நின்னதுக்கப்புறம் சொல்லட்டுங்களா?"

"அது சாயங்காலந்தான் நிக்கும். போங்க. சத்தமாச் சொல்லோணும், இல்லீன்னா அவருக்குக் காது கேக்காது."

வாசற்படியில் நின்றேன். சென்னியப்பன் முதுகைக் காட்டிக்கொண்டு அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தான். "ஏனுங்க!" என்றேன். திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தான், யார் என்று தெரியாமல் புருவத்தைச் சுருக்கினான், கையைக் காதருகே வைத்தான்.

"உங்க சம்சாரம் பார்த்துட்டுத்தான் வந்தாங்க!" என்றேன். "தப்பு எங்க மேல! நான் பார்த்தேன், சொல்லல!"

"என்னுங்க?"

தறி அறைந்துகொண்டே இருந்தது. பின்னால் கட்டிலிலிருந்து மயிலாத்தாள், "இன்னும் சத்தமா," என்றாள்.

தொண்டை கிழியக் கத்தினேன்.